நாற்பதில் பாதி

பள்ளத்தூரில் வெயிலுக்கு முறை உண்டு. திங்கட்கிழமை முதல் தெருவுக்கு, செவ்வாய்க்கிழமை இரண்டாம் தெருவுக்கு. முறை வரும் நாளில் தெருவே மொட்டைமாடியில் நிற்கும். ஒரு பக்கம் வடாம், ஒரு பக்கம் ஈரத்துணி, நடுவில் மூட்டுவலிக்காரர்கள். சரியாக ஒரு மணி நேரம். பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் வெளிச்சம் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

நிலவின் தென்துருவத்தில், ஆழமான ஒரு பள்ளத்துக்குள் கூரை போட்டுக் கட்டிய ஊர் அது. அங்கே சூரியன் தலைக்கு மேல் ஏறுவதில்லை. அடிவானத்தை ஒட்டியே சுற்றும். பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் ராட்சத ஆடிகள்தான் அந்தக் கிடைவெயிலைப் பிடித்துக் கீழே அனுப்பின. அவற்றைச் சாய்ப்பவர்களுக்கு ஆடியாளர்கள் என்று பெயர். பயிற்சிக்கு வருடத்துக்கு ஒரே ஓர் இடம். பத்தாம் வகுப்பு வடிவியல் செய்முறைத் தேர்வில் முதலில் வருபவருக்கு அது கிடைக்கும்.

நிறைமதிக்கு அந்த இடம் வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

தேர்வுக்கு முந்தைய மாதம் மாணவர்களின் மூளையிலுள்ள கணக்குச் சில்லை அணைத்துவிடுவார்கள். பாகைமானி, கவராயம், அட்டை, பசை, ஒரு சிறிய கண்ணாடி, அவ்வளவுதான். கிடையாக வரும் ஒளி ஆடியில் பட்டுத் திரும்பி, நாற்பது பாகை கீழிறங்கிக் கீரைத்தொட்டியில் விழ வேண்டும். அதற்கு ஓர் ஆடித்தாங்கியைத் தன் கையால் செய்து வர வேண்டும்.

நிறைமதி முதலில் ஆடியை நாற்பது பாகை சாய்த்தாள். ஒளி சுவரின் அடியில் போய் விழுந்தது. பிரித்தாள், ஒட்டினாள், மறுபடி பிரித்தாள். ஒன்பதாம் நாள் பிடிபட்டது. ஆடியை ஒரு பாகை சாய்த்தால் ஒளி இரண்டு பாகை திரும்புகிறது. நாற்பதில் பாதி, இருபது போதும்! அன்று அவள் வீட்டுக்குள் குதித்த குதிக்கு நிலவின் குறைந்த ஈர்ப்பில் தலை கூரையில் இடித்தது. அப்பா சதாசிவம் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது பசை வழிந்த கோணல் அட்டை மட்டும்தான்.

தேர்வு நாளில் பெற்றோரெல்லாம் மண்டபத்தில் கூடியிருந்தார்கள். தேர்வு நடத்துவது ஓர் இயந்திரம், அதை அளவையர் என்பார்கள். பள்ளத்தூரின் மாதிரி வடிவம், ஒரு விளக்கு, ஒரு கீரைத்தொட்டி. முதல் மாணவனின் தாங்கி பளபளவென்று இருந்தது. ஒளி சுவரின் அடியில் விழுந்தது. இரண்டாவதும் பளபளப்பு, அதே சுவரடி. இப்படியே முப்பத்தொரு பேர். நிறைமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியாக அவள் தன் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பளபளப்பான தாங்கி இருந்தது.

"அப்பா, என்னோடது எங்க?"

"அது கோணல்மாணலா இருந்துச்சும்மா. எல்லாரும் அச்சுக்கடையில நாற்பதுன்னு சொல்லி அடிச்சு வாங்கியிருக்காங்க. நீ மட்டும் அட்டையத் தூக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? அதான் காலைல மாத்தி வெச்சேன்."

"என்மேல நம்பிக்கையே இல்லையாப்பா?"

அவருடைய பைக்குள் அட்டையின் முனை தெரிந்தது. பிடுங்கி எடுத்து விளக்கின் முன் வைத்தாள். ஒளி நேராகக் கீரைமேல் விழுந்தது.

மண்டபமே கழுத்தை நீட்டிக் கீரையைப் பார்த்தது. பிறகு ஒரு குரல் எழுந்தது. "முப்பத்திரண்டு பேருமா தப்பு பண்ணுவாங்க? தொட்டியத்தான் தப்பா வெச்சிருக்கீங்க!"

அது சதாசிவத்தின் குரல். காலையில் பெட்டியோடு மகள் பெயரில் பதிவானது பளபளப்பான தாங்கி அல்லவா? மற்றவர்களும் எழுந்து கத்தினார்கள்.

அளவையர் விதிகளைப் புரட்டியது. "விதி பதினான்கு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரே விடை தந்தால் விடைக்குறிப்பைத் திருத்துக." தொட்டியைத் தூக்கிச் சுவரடியில் வைத்தது. "அனைவருக்கும் நூறு. இடத்துக்குக் குலுக்கல்."

குலுக்கலில் இடம், பாகைமானியைத் தலைகீழாகப் பிடிக்கும் ஒருவனுக்குப் போனது.

"எது சரின்னு உங்களுக்குத் தெரியும்ல?" நிறைமதி அளவையரைக் கேட்டாள்.

"தெரியும்," என்றது அளவையர். "கோணத்தை அளப்பது மட்டும்தான் என் வேலை. விதிகள் மனிதர்கள் பூமியிலிருந்து கொண்டுவந்தவை."

"பாத்தியா?" சதாசிவத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "உன்னோடத வெச்சிருந்தா இந்நேரம் பெயில்!"

அவர் சொன்னது உண்மைதான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

பளபளப்பான தாங்கியை அவள் கையில் திணித்து ஒரு படம் எடுத்தார். பூமியிலிருக்கும் சொந்தக்காரர்களின் குழுவுக்கு அனுப்ப, கீழே ஒரு வரியும் எழுதினார்: 'யார் உதவியும் இல்லாமல் எங்கள் பெண் தன் கையாலேயே செய்தது.'

அனுப்பும் முன் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னொண்ணு எடுக்கறேன். கொஞ்சம் சிரிம்மா."