பட்டேற்பிக் கதவு

மனித குலத்துக்கும் கிருமிகளுக்கும் இடையே ஆதி காலம் தொட்டு நடந்துவந்த போர், அன்று காலை கோவை மருத்துவமனை ஒன்றில் முடிவுக்கு வந்தது. வெற்றியை நிருபர்களிடம் அறிவித்த ஆய்வக இயக்குநர் தில்லைவிடங்கன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் கதவு சிவந்துவிட்டது.

எந்த மருந்துக்கும் கிருமிகள் மசியாத காலம் அது. குறைமாதக் குழந்தைகளின் அறைக்கு அவர் பொருத்திய கதவில் பூட்டில்லை, கைப்பிடியில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு மட்டும். பட்டுப்புழுவின் ரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிக்கும் புரதமான பட்டேற்பி அதில் படிந்திருந்தது. கிருமி பட்டால் சிவப்பு. இல்லையேல் பச்சை, கதவு திறக்கும்.

முதலில் கை வைத்தவள் பூங்காவனம். உள்ளே அவள் மகள்.

"நல்லாக் கழுவிட்டு வாம்மா," என்றார் வாசலில் நின்ற செவிலியர்.

"தோலு உரியறாப்புல கழுவிட்டேனுங்க. புள்ள பசியில கத்துதுங்க!"

கண்ணாடிக்கு அப்பால் குழந்தையின் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

இயக்குநர் நிருபர்கள் பக்கம் திரும்பினார். "இந்த ஏற்பியிலுள்ள பள்ளத்தை அணு அணுவாக அளந்திருக்கிறோம். பகைவன் மட்டுமே அதில் பொருந்துவான்." நிரூபிக்கத் தன் கையை வைத்தார். சிவப்பு. செவிலியர் வைத்தார். அதுவும் சிவப்பு.

உதவி ஆய்வாளர் நப்பின்னை செருமினாள். "சார், அந்தப் பள்ளம் பிடிக்கறது கிருமியோட சுவரைத்தான். நல்ல கிருமிக்கும் அதே சுவர்தான். புழுவோட ரத்தத்துக்குள்ள எது நுழைஞ்சாலும் திருட்டுப்பயல்தான், அதனால அதுக்குக் குழப்பமில்ல. நம்ம தோல்ல அதுங்க குடும்பம் குட்டியோட இருக்குதுங்க சார்."

"உளறாதம்மா. ஆய்வகத்துல கிருமி தடவின கை மட்டும்தானே சிவந்துச்சு? மத்த கையெல்லாம் பச்சைதானே?"

"ஏனுங்க," என்றாள் பூங்காவனம், "அங்க வச்சது கைதானுங்களா?"

நப்பின்னையின் கண் செவிலியர் மேசைக்குப் போயிற்று. பூங்காவனமும் பார்த்தாள். அங்கிருந்த பெட்டியிலிருந்து புதுக் கையுறை ஒன்றை உருவி மாட்டிக்கொண்டு தகட்டில் வைத்தாள்.

பச்சை.

உள்ளே ஓடியவள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சிவப்பென்று தீர்ப்பான அதே கையால் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கதவு மூடிக்கொண்டது.

நிருபர்கள் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் நப்பின்னையைப் பார்த்தார்.

அவருடைய ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.