சல்லடையின் பழைய பழக்கம்

"ரிப்போர்ட் இப்போதைக்கு வராதுங்க. எவனோ ஒரு புண்ணியவான் சாஃப்ட்வேர்ல கைய வெச்சுட்டான்."

லேப் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக மழையில் நனைந்து வந்தவன் எட்டிப் பார்த்தான். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை பாதியில் நின்றிருந்தது. அதன் பெயர் சல்லடை. மெஷின்கள் தரும் விவரங்களை வரிவரியாகச் சலித்துக் கொடுக்கும் நிரல், அவனே எழுதி ஊருக்கு இலவசமாக விட்டது.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்... நிற்கவில்லை.

"அந்தப் புண்ணியவான் நான்தான்."

அவள் நிமிர்ந்தாள். பெரிய கண்கள். அழகுதான்... அப்போது அவனை உயிரோடு உரித்துக்கொண்டிருந்தன.

"நேத்து வரைக்கும் காலி வரி வந்தா தாண்டிப் போச்சு. இன்னிக்கு அங்கயே உக்காந்துடுது. ஏன்?"

"காலி வரின்னா எங்கயோ தப்பு நடந்திருக்கு. சத்தமில்லாம தாண்டக் கூடாது. திருத்திட்டேன். புதுப் பதிப்போட அறிவிப்புலகூட போட்டிருந்தேனே."

"எங்க மெஷின் ஒவ்வொரு சாம்பிள் தட்டு முடிஞ்சதும் ஒரு காலி வரி விடும். அது தப்பில்ல சார், அதோட பழக்கம். உங்கம்மா ரிப்போர்ட்டும் அந்த வரிக்குக் கீழதான் நிக்குது."

பழைய பதிப்பைப் போட்டுக் கொடுத்தான். ரிப்போர்ட் வந்தது.

"இது தற்காலிகம்தான். நீங்கதான் மாறிக்கணும்" என்றான் வீறாப்பாக.

"எங்கள மாதிரி இன்னும் எத்தன பேர் முழிக்கிறாங்களோ" என்றாள். அவன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான்.

வீட்டில் மின்னஞ்சலைத் திறந்தால் சல்லடை மேல் புகார்கள் குவிந்து கிடந்தன. "ஒருத்தன்கூட அறிவிப்பு படிக்கல" என்று புலம்பினான்.

"நீ பண்ணது சரியாவே இருக்கட்டும். கேக்காம பண்ணா திட்டத்தான்டா செய்வாங்க" என்றாள் அம்மா.

பிடிவாதத்திலிருந்து இறங்கி வந்தான். சல்லடை மறுபடி காலி வரியைத் தாண்டியது. ஆனால், 'இந்தப் பழக்கம் ஒருநாள் நிற்கும்' என்று ஒவ்வொரு முறையும் மஞ்சள் எழுத்தில் எச்சரித்தது. மின்னஞ்சலில் சொன்னால் போதும்... லேபுக்கு நேரிலேயே போனான்.

"கட்டளையில 'தாண்டு'ன்னு ஒரு சொல் சேருங்க. எச்சரிக்கை வராது. பின்னாடி எந்தப் பதிப்பு வந்தாலும் ஓடும்."

"சேர்த்துடறேன்."

சேர்க்கவில்லை. அடுத்த வாரம் பார்க்க வந்தான். மஞ்சள் எழுத்து அப்படியே இருந்தது. மறுபடி விளக்கினான். அதற்கடுத்த வாரமும்... அவள் முதல்முறை கேட்பவள் போலத் தலையாட்டினாள்.

ஒருநாள் பக்கத்து மேசைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "சார், மத்த மெஷினுக்கெல்லாம் இவ என்னிக்கோ மாத்திட்டா. நீங்க வந்து பாக்கற இந்த ஒண்ண மட்டும் தொடவே விடமாட்டேங்கறா."

அவள் காது சிவந்தது. வெளியே மழை ஓங்கிப் பெய்தது.

"மாத்திட்டா... நீங்க வர வேண்டியதே இருக்காதுல்ல" என்றாள், திரையைப் பார்த்தபடி.

"பழைய பழக்கத்த எடுத்த பதிப்பு எப்பவோ தயார். நானும் வெளியிடாம வெச்சிருக்கேன்."

"ஏன்?"

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் விசைப்பலகையை இழுத்து அந்த ஒரு சொல்லைச் சேர்த்தாள். மஞ்சள் எழுத்து மறைந்தது.

"இப்ப வெளியிடுங்க" என்றாள். "அடுத்த வாரம் சும்மா வாங்க."