உதடு பார்க்கும் ஜன்னல்

தொழிற்சாலையின் முதலுதவி அறைக்கு நர்ஸ் வந்து சேர்ந்தபோது காலை ஆறு மணி. இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்திருந்தாள். மாற்று ஆள் கிடைக்கும்வரை இரண்டு இடமும் அவள்தான்.

ஒரு கட்டில். ஆக்சிஜன் சிலிண்டர். சுவரில் ஒரு ஜன்னல். அதன் மேல்பாதியைத் தகரம் அடைத்திருந்தது; கீழ்ப்பாதிக்கு இழுத்து மூடும் பலகை. வெளியே நிற்பவரின் வாயும் கைகளும் மட்டும் தெரியும்.

மேஸ்திரி விளக்கினார்.

"நைட்ரோபென்சீன்மா. பாக்க எண்ணெய், மோந்தா பாதாம். சாயம், ரப்பர், மாத்திரை, எல்லாத்துக்கும் இதுலேர்ந்துதான் ஆரம்பம். தோல் வழியா உள்ள போயிடும். எரியாது, வலிக்காது. சில மணி நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் ரத்தம் காத்த சுமக்க மறந்துடும். உதடு நீலமாயிடும். அதனால ஷிஃப்ட் முடிஞ்சதும் ஒவ்வொருத்தனும் இங்க உதட்டையும் நகத்தையும் காட்டிட்டுத்தான் போகணும்."

"நீலமா இருந்தா?"

"துணிய அவுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி. முன்னாடி இருந்த நர்ஸம்மா ஒருத்தன விட்டுட்டாங்க. அசந்து போயிருந்தாங்க, பாவம். அவன் வீடு போய்ச் சேரல."

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. வரிசை நகர்ந்தது.

"அக்கா, லிப்ஸ்டிக் கலர் நல்லாருக்கா?"

"முதல்ல பல்ல விளக்கிட்டு வந்து கேளு."

நகத்தை அழுத்துவாள். வெளுக்கும். விட்டால் சிவப்பு திரும்பும். அடுத்த ஆள்.

கடைசியாக வந்த வாய் மை குடித்த மாதிரி இருந்தது. நகத்தை அழுத்தினாள். விரல் சில்லிட்டிருந்தது. நிறம் திரும்பவில்லை.

"வீட்டுக்குப் போகணும்மா," என்றது அந்த வாய், கிசுகிசுப்பாக.

"அங்கேயே நில்லுங்க!"

கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினாள்.

யாரும் இல்லை.

சிமெண்டுத் தரையில் வெயில் காய்ந்தது. பாதாம் வாசனை மட்டும் நின்றிருந்தது.

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அவன்தாம்மா அது. கடைசி ஆளா வரும். பலகைய இழுத்து மூடிடுங்க. ஒண்ணும் பண்ணாது."

மறுநாளும் அந்த வாய் வந்தது. மூடினாள்.

மூன்றாம் நாள் அவள் கண்ணுக்குள் மணல் உறுத்தியது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரியவில்லை. வரிசை தீர்ந்தது. மை நிறத்தில் ஒரு வாய் வந்து நின்றது.

"அக்கா..."

பலகையை இழுத்து மூடினாள். மேசைமேல் தலையைச் சாய்த்தாள்.

பலகை தட்டப்பட்டது. மூன்று முறை.

அவள் திறக்கவில்லை.

மறுபடி மூன்று முறை.

பிறகு ஏதோ விழுந்தது. விழுந்த சத்தத்தில் எடை இருந்தது.

நர்ஸ் எழுந்து ஓடினாள்.

பம்ப் ஓட்டுகிறவன் கிடந்தான். முழங்கால்வரை உடுப்பு நைட்ரோபென்சீனில் நனைந்திருந்தது. கையுறையைத் தேட நேரமில்லை. வெறுங்கையால் உடுப்பைக் கழற்றினாள். சோப்பு, தண்ணீர், ஊசி, ஆக்சிஜன். நீலம் சாம்பலாகி, சாம்பல் மெல்லச் சிவக்க இரண்டு மணி நேரம் ஆனது.

அவன் கண் திறந்தான்.

"மன்னிச்சிடுப்பா. நீ தட்டினப்பவே திறந்திருக்கணும்."

"நான் எங்கக்கா தட்டினேன்? கையே தூக்க முடியல. பின்னாடி ஒருத்தர் நின்னாரே, அவருதான் என் தோள்மேல கைய நீட்டித் தட்டினாரு."

ஆம்புலன்ஸ் வந்தது. மேஸ்திரியும் கூடவே ஏறிப் போனார்.

நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை கனத்தது. தூக்கம் கெட்டால் அப்படித்தான் இருக்கும். பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கால் எழவில்லை.

பாதாம் வாசனை அடித்தது.

பலகை வெளியிலிருந்து திறந்தது.

ஒரு கை உள்ளே நீண்டது. உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது.

"கையக் காட்டுங்கம்மா."

ஓடுவதற்கு அவளிடம் தெம்பில்லை. பயப்படுவதற்கும் இல்லை. கையை நீட்டினாள்.

சில்லிட்ட கட்டைவிரல் அவள் நகத்தை அழுத்தியது. பிறகு எடுத்தது.

நிறம் திரும்புகிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.