மேடேறும் சிவப்பு

திரையில் சிவப்பு தப்பான பக்கம் நகர்ந்தது.

சாயப்பட்டறைக் கழிவு நிலத்தடியில் எப்படிப் பரவும் என்று கணினி மாடலில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. சிவப்பு என்றால் நஞ்சு. அது பள்ளத்தைத் தேடி ஆற்றுக்குப் போயிருக்க வேண்டும், ஆனால் மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் கிளம்பிப்போன அலுவலகத்தில் ஏசியின் முனகலும் ஆறிப்போன காபியின் வாடையும்தான் அவளுக்குத் துணை. அந்த மேட்டில் இருப்பது ஒரே வீடு. அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிற வீடு.

மைனஸைக் கோட்டை விட்டிருப்போம் என்று நினைத்தாள். கிணற்றிலிருந்து இறைத்தால் மைனஸ், உள்ளே விட்டால் பிளஸ். இந்தத் தொழிலில் எல்லோரும் சறுக்குகிற இடம். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கண்காணிப்புக் கிணறுகளில் அன்று எடுத்த நீர்மட்டமும் அதையே சொன்னது: மேட்டைச் சுற்றித் தண்ணீர் இறங்கியிருந்தது. அங்கே ஏதோ உறிஞ்சுகிறது.

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“போர் மோட்டார் ஓடுதாப்பா?”

“அதைக் கழட்டி ஒரு மாசமாச்சே. ஏன்மா?”

“போர் தண்ணியக் குடிச்சிடாதீங்க. விஷம் அங்கதான் வருது.”

“குடிக்கத் தண்ணி ஏது? வெறுங்குழாய். காத வச்சா உறிஞ்சுற சத்தம் மட்டும் கேக்குது. தெனமும் கேக்குறேன். பேச்சுத்துணை மாதிரி இருக்கு.”

“உள்ள போய்க் கதவச் சாத்துங்க. நான் இப்பவே வர்றேன்.”

லைன் கட்டாகவில்லை. யாரோ நிதானமாகத் தண்ணீர் குடிப்பது போன்ற சத்தம்.

கடைசியாக எப்போது அந்த வீட்டுக்குப் போனாள் என்று வழியெல்லாம் யோசித்தும் நினைவு வரவில்லை. அது பயத்தைவிட அதிகமாக வலித்தது. போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. வாசல் கதவு திறந்தே கிடந்தது, சமையலறை விளக்கு எரிந்தது, வீடு முழுக்கச் சாயப்பட்டறையின் காரமான நெடி.

“அப்பா?”

பின்பக்கம் போனாள். சமையலறை வெளிச்சத்தில் ஈர மண். அவர் செருப்பு. போர்க் குழாய்.

அரைச் சாண் அகலம்தான். தலைகூட நுழையாது.

அதன் வாயில் ஒரு சட்டைக் கை. காலிக் கை இல்லை. உள்ளே விரல்கள். அவளைப் பார்த்துவிட்டது போல அவை மடங்கி விரிந்தன, சின்னப் பிள்ளையை வா வா என்று கூப்பிடுவது போல.

குழாய் இன்னொரு மடக்கு இழுத்தது.