இருபது வாட்டும் நூறு வாட்டும்

ஜூன் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. காலை முழுவதும் மூட்டமாக இருந்த வானம், பிற்பகல் நான்கு மணிக்குப் பொறுமையிழந்து கொட்டத் தொடங்கியது.

அந்த மழையோடுதான் அவள் ஒலிக்கருவிக் கடைக்குள் நுழைந்தாள். நெற்றியில் ஒட்டிய ஈரமுடி... அதன் கீழே இரு விழிகள். மழையே கழுவித் துடைத்து வைத்தாற்போல் அவை மின்னின. அவற்றைக் கண்ட கடைக்காரன், கையிலிருந்த விலைச்சீட்டைக் கருவியில் ஒட்டாமல் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டான்.

கடை அவனுடைய அக்காவுக்குச் சொந்தம். விற்பனை அவன் பொறுப்பு. எந்தக் கருவியையும் கேட்ட மாத்திரத்தில் தரம் சொல்வான் என்பதால் வாடிக்கையாளர்கள் அவனைத் 'தங்கக்காது' என்று அழைத்தனர். அந்தப் பட்டத்தில் அவனுக்கு அளவற்ற பெருமை.

தன் புதுக் குடியிருப்பின் சிறிய அறைக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றாள் அவள். தன்னிடமுள்ள ஸ்பீக்கர்கள் குறைந்த சக்தியிலேயே கணீரென்று ஒலிப்பவை. ஆகவே இருபது வாட் போதும் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவனோ நூறு வாட்டைத் தூக்கி முன்னே வைத்தான். இரண்டிலும் ஒரே பாட்டை ஒலிக்கவிட்டு, பெரியதன் குரலில் உயிர் இருப்பது புரிகிறதா என வினவினான்.

"உயிரெல்லாம் இல்லைங்க. இதுக்கு மட்டும் சத்தம் கொஞ்சம் கூட வெச்சிருக்கீங்க. கூட இருந்தா யாருக்கும் நல்லாத்தான் கேக்கும்."

அவனுக்குச் சுருக்கென்றது. கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன் என்று சவால் விட்டான். அவள் செவித்திறன் பரிசோதகர் என்பது அப்போதுதான் தெரிந்தது... பையிலிருந்து சத்தத்தை அளக்கும் சிறு கருவியை எடுத்து, இரண்டின் ஒலியையும் இம்மியும் பிசகாமல் சமப்படுத்தினாள். கண்கட்டோடு அவன் அமர, கல்லாவில் இருந்த அக்கா எழுந்து வந்து மாற்றி மாற்றி இயக்கினாள். பத்து முறை விடை சொன்னான். சரியானவை ஐந்து.

"காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதேதான்டா வந்திருக்கும்" என்று அக்கா சிரித்தாள்.

அவள் சிரிக்கவில்லை. அதுவே அவனை மேலும் வதைத்தது. மழைச் சத்தத்தில் நடந்த சோதனை செல்லாது என்றும், இருபது வாட்தான் வேண்டுமெனில் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம் என்றும் விறைப்பாகக் கூறினான். "சரிங்க" என்ற ஒரே சொல்லோடு அவள் மழையில் இறங்கினாள்.

கதவு மூடிக் கால்மணி நேரம் கழிந்த பின்னரே அவனுக்கு உறைத்தது. பெயர் தெரியாது... முகவரி தெரியாது... இனி அந்த விழிகளை எங்கே போய்த் தேடுவது?

"உன் காது தோத்துச்சு, அது ஒண்ணும் குத்தமில்ல. உன் வாய் ஏன்டா அந்தப் பொண்ணை வெளிய தள்ளுச்சு?" என்றாள் அக்கா. "எதிர்ல பஸ் ஸ்டாப்புலதான் நிக்கறா. இங்க நின்னு முழிக்காத, போ."

ஓடினான். இருபது வாட் பெட்டியைப் பாலித்தீன் உறையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தான். பெட்டி நனையவில்லை, அவன்தான் தொப்பலாக நனைந்தான்.

"எனக்கு வித்தியாசம் தெரியலைங்க. மழையால இல்ல... நிஜமாவே தெரியல. உங்க ரூமுக்கு இதுவே தாராளம்."

"இதைச் சொல்லவா இப்படி நனைஞ்சு வந்தீங்க?"

"இல்ல..." பெட்டியை அவளிடம் நீட்டினான். "எல்லாரும் நான் சொன்னதுக்குத் தலையாட்டிட்டுப் போவாங்க. நீங்க ஒருத்தர்தான் நின்னு சண்டை போட்டீங்க. அந்தச் சண்டை... தினமும் வேணும்போல இருக்கு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் இமைகள் தாழ்ந்தன. கன்னத்தில் மழைத்துளியோடு வெட்கமும் சேர்ந்து வழிந்தது.

"நான் போற பஸ் ரெண்டு வந்துட்டுப் போயிடுச்சு" என்றாள் மெல்ல. "ஏறத் தோணல. வருவீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்... ரொம்ப லேட்டு பண்ணிட்டீங்க."

பிறகு, ஸ்பீக்கர் ஒயர்களை மாட்டத் தனக்குத் தெரியாது என்றும், நாளை வந்து மாட்டித் தர வேண்டும் என்றும் அவள் கேட்டுக்கொண்டாள். அவள் சொன்னது முழுப் பொய். நம்பியதுபோல் அவன் தலையசைத்தது அதைவிடப் பெரிய பொய்.

அவர்களுடைய பிணக்கும் அவனுடைய தனிமையும் ஒருசேர முடிவுற்றபோது, மணி மாலை ஐந்து பதினேழு.