வெட்டாத காய்க்கு வீடில்லை

வில்லாளிப் பொம்மை மட்டும் நனைந்திருந்தது.

வடிவு அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு ஈயப் பொம்மை. மேசையில் விரித்திருந்த அட்டையின்மேல் வாள்வீரனும் மந்திரக்காரியும் காய்ந்து நிற்க, இதன் காலடியில் மட்டும் தண்ணீர் தேங்கி, அட்டையில் அச்சடித்திருந்த மலைப்பாதையை உப்பவைத்திருந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஒழுகல் இல்லை, ஒழுகுவதற்கு ஒரு வாரமாக மழையும் இல்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். சேறும் அழுகிய இலையும் கலந்த கானாற்று வாடை அடித்தது. அந்த வாடையை அவள் ஏற்கெனவே ஒரு தரம் முகர்ந்திருக்கிறாள், அக்டோபரில், மலையடிவாரத்து ஆலங்காயத்தில், கொழுந்தன் பாண்டுரங்கனின் உடலை அடையாளம் காட்டத் துணியை விலக்கியபோது. பொம்மையை முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் நர்ஸ். மலைப்பாதையின் கடைசி வளைவுக்கு மேலே அவர்கள் வீடு, நாலு வீடு தள்ளி அவள் வேலைபார்க்கும் துணைச் சுகாதார நிலையம். கணவன் ஆதிநாராயணன் மலைப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். அவனுடைய தம்பி பாண்டுரங்கன் வாணியம்பாடியில் ஒரு லாரி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு தவறாமல் மலையேறி வந்துவிடுவான். அண்ணன் மேல் பாசம் பாதி, இந்த விளையாட்டின் மேல் பைத்தியம் மீதி.

பெங்களூரில் நடைபாதைக் கடையில் வாங்கிய வெளிநாட்டு விளையாட்டு அது. பெட்டியின் மூடியில் ஒருவன் வாளை ஓங்கி நிற்க, பின்னால் சிறகு முளைத்த பாம்பு நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. வீரர்கள் காடு தாண்டி, ஆறு தாண்டி, பூதங்களோடு சண்டையிட்டுப் புதையலோடு கோட்டைக்குத் திரும்ப வேண்டுமாம். எப்படித் திரும்புவது என்று சொல்லும் புத்தகத்தைத்தான் பூச்சி அரித்திருந்தது. அண்ணனும் தம்பியும் அசரவில்லை. தெரிந்த விளையாட்டு தாயம், அதன் விதிகளை இதற்கு மாட்டிவிட்டார்கள். கோட்டைக்கு வீடு என்று பெயர் வைத்தார்கள், அதாவது இந்த வீடு. புறப்படும் கட்டம் ஆலங்காயம். நடுவில் பாலம், வேடியப்பன் கோயில், கடைசி வளைவு என்று ஆதி அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினான். பாண்டுவுக்கு வில்லாளி, அண்ணனுக்கு வாள்வீரன். "அண்ணிக்கு மந்திரக்காரிதான். அண்ணன மயக்கி வெச்சிருக்கீங்களே," என்று சொல்லி முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டான்.

பெட்டியிலிருந்த ஒரு சீட்டில் மட்டும், சண்டையில் தோற்ற வீரன் செத்தான், ஆட்டத்தை விட்டு விலக வேண்டும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பாண்டு ஒத்துக்கொள்ளவே இல்லை.

"செத்தா அவ்ளோதானா? அது இன்னா ஆட்டம்? நம்ம ஆட்டத்துல வெட்டுப்பட்ட காய் தாயம் போட்டுத் திரும்ப இறங்கும். அப்டியே எழுது அண்ணா."

ஆதி எழுதினான். அக்டோபரில் ஆட்டம் பாதியில் நின்றபோது, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா என்று கார்டும் எழுதிப் போட்டான். அந்த ஞாயிறு பெய்த மழையில் ஷேர் ஜீப் பாலத்தருகே சறுக்கிக் கானாற்றில் விழுந்தது. மற்றவர்கள் பிழைத்தார்கள். பாண்டு இரண்டு நாள் கழித்துக் கிடைத்தான். ஆலங்காயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

காரியம் முடிந்து ஒரு மாதம் ஆதி அந்தப் பெட்டியைத் தொடவில்லை. போன வாரம், விளக்கேற்றும் நேரத்தில், என்ன தோன்றியதோ, அட்டையை விரித்து எல்லாக் காய்களையும் பழையபடி வைத்தான். வில்லாளியை வெளியே நிறுத்திப் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது.

"தாயம்," என்று சொல்லி வில்லாளியை ஆலங்காயத்தில் இறக்கினான். அன்றிலிருந்து தினமும் அதே நேரத்தில் தம்பிக்காக ஒரே ஒரு தரம் உருட்டினான். துக்கத்தில் இருப்பவனிடம் என்ன வாதாடுவது என்று வடிவும் விட்டுவிட்டாள். அழுகிறானே என்று பயந்திருந்தவளுக்கு அவன் விளையாடுவது ஆறுதலாகக்கூட இருந்தது.

பொம்மை நனைந்திருந்த அன்று மதியம் ஜீப் டிரைவர் ராஜாக்கண்ணு சுகாதார நிலையத்துக்கு வந்தான். காயமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வாசலில் நின்று துண்டை முறுக்கினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க நர்சம்மா. நேத்து பொழுது சாய பாலத்தாண்ட ஒருத்தர் நின்னுனு இருந்தாரு. சொட்டச் சொட்ட நனைஞ்சி. மழையே இல்லியேன்னு வண்டிய நிறுத்தி, வர்றீங்களான்னு கேட்டேன். 'இன்னிக்கி இவ்ளோதான், மிச்சம் நாளைக்கி'ன்னாரு. நம்ம சாரோட தம்பி ஜாடையாவே இருந்துச்சிங்க."

வடிவு மாலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மேசையருகே போய்க் குனிந்து பார்த்தாள். வில்லாளி நின்ற கட்டத்தில் 'பாலம்' என்று எழுதியிருந்தது.

அவள் பகடையை எடுத்துக் கிணற்றில் போட்டாள்.

ஆதி தேடவில்லை, கேட்கவும் இல்லை. சமையலறைக்குப் போய் ஆறு புளியங்கொட்டைகளை எடுத்துவந்து, வாசல் கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்க்க ஆரம்பித்தான். சர்ர், சர்ர் என்று அந்தச் சத்தம் இருட்டும்வரை கேட்டது. பிறகு குலுக்கிப் போட்டான். மூன்று கொட்டைகள் வெள்ளையாக மல்லாந்தன. வில்லாளி மூன்று கட்டம் ஏறி வேடியப்பன் கோயிலுக்கு வந்தது.

மறுநாள் காலை நிலையத்தைப் பெருக்க வரும் சாந்தம்மாள் நேரம் கழித்து வந்தாள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்துக்காரி, காட்டில் தனியாக நடக்க அஞ்சாதவள். துடைப்பத்தைத் தொடாமல் நேரே வடிவிடம் வந்தாள்.

"கோயில் வளைவாண்ட ஒரு ஆளு கல்லு மேல குந்தினு கீறாரும்மா. ஆடுங்க எதுவும் அந்தப் பக்கம் போவல. 'மேல வூட்ல எல்லாரும் இருக்காங்களா'ன்னு கேட்டாரு. உங்க வூட்டத்தான் கைய காட்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? திரும்பிப் பாக்காம ஓடியாந்தேன். அவரு குந்தின எடத்துலேந்து தண்ணி ஓடி வருதும்மா, ரோடு பூரா."

வடிவு அப்போதே வீட்டுக்கு ஓடினாள். ஆதி பள்ளிக்கூடத்தில் இருந்தான். பெட்டியின் மூடியைத் திருப்பி, உள்பக்கம் அவன் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த விதிகள்தான், சிரித்துக்கொண்டே விளையாடிய விதிகள்தான். பெருக்கல் குறி போட்ட கட்டம் மலை, மலையில் இருக்கும் காயை வெட்ட முடியாது. வெட்டினால் இன்னொரு ஆட்டம் உண்டு, மறுபடி ஒரு தரம் உருட்டலாம். ஒரு காயையாவது வெட்டாமல் வீட்டுக்குள் போக முடியாது.

கடைசி விதியை இரண்டு தரம் படித்தாள். வில்லாளி இதுவரை யாரையும் வெட்டியிருக்கவில்லை.

அக்டோபரில் விட்ட இடத்தில், கடைசி வளைவில், வாள்வீரன் தனியாக நின்றது. வில்லாளிக்கும் அதற்கும் நடுவே ஐந்து எண்ணிக்கை. அவளுடைய மந்திரக்காரி அதற்கும் அப்பால், வீட்டுக்கு இந்தப் பக்கம். வடிவு வாள்வீரனைத் தூக்கி, பக்கத்தில் பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் வைத்தாள். சின்ன வயதிலிருந்து எந்த ஆட்டத்திலும் அவள் கள்ளத்தனம் செய்ததில்லை. அன்று செய்தாள், வெட்கப்படவும் இல்லை. அவன் அவளுக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஆதி ஐந்தரைக்கு வந்தான். கைகால் கழுவினான். அட்டையைப் பார்த்ததுமே வாள்வீரனை எடுத்துக் கடைசி வளைவிலேயே திரும்ப நிறுத்தினான்.

"இன்னாங்க, இத்தோட வுட்ருங்க," என்றாள் வடிவு. "அவரு வர்றாரு. ராஜாக்கண்ணு பாத்துட்டான். சாந்தம்மாளும் பாத்துட்டா."

அவன் திடுக்கிடுவான் என்று நினைத்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"தெரியும் வடிவு. ராத்திரில கூப்டறான்."

"வெட்டாம வூட்டுக்குள்ள வர முடியாது. உங்க கையால எழுதினதுதான?"

"என்ன வெட்டட்டுமே. கார்டு போட்டு அவன வரச் சொன்னவன் நான்தான?"

"அப்ப எனக்கு யாரு இருக்கா?"

அவள் அழுதாள். அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான், அன்பாகவே தடவினான். மற்றக் கை புளியங்கொட்டைகளைக் குலுக்கியது.

ஐந்து வெள்ளை.

அவன் வில்லாளியை எடுத்துக் கடைசி வளைவில் வைத்தான். வாள்வீரனை எடுத்து அட்டைக்கு வெளியே படுக்க வைத்தான். ஆணியில் மாட்டியிருந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, டார்ச் லைட்டை எடுத்தான்.

"வளைவு வரைக்கும் போய்ட்டு வர்றேன். தம்பி இருட்டுல நிப்பான்."

அவள் வழியை மறித்தாள். அவன் அவளை மெதுவாக விலக்கினான். டிராயிங் வாத்தியாரின் மெலிந்த கை அது, ஆனால் அவளால் தடுக்க முடியவில்லை. கதவைத் திறந்ததும் குளிர் உள்ளே வந்தது. அவள் பின்னால் ஓடினாள், வாசற்படி வரை ஓடினாள். அங்கேயே நின்றாள். கீழேயிருந்து அந்தக் கானாற்று வாடை ஏறிவந்தது, மூச்சு முட்டும் அளவுக்கு. பயந்துவிட்டாள். தன் பயத்தை எண்ணித் தன்னையே திட்டிக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டு, ஜன்னலுக்குப் போனாள்.

அந்த ஜன்னலில் நின்றால் மலைப்பாதை அடிவாரம் வரை தெரியும். இருட்டு கவிந்துகொண்டிருந்தது. எங்கும் பூச்சிச் சத்தம், காற்றில் புளியமர இலைகளின் சலசலப்பு, எங்கோ ஒரு வீட்டில் பாத்திரம் உருளும் ஒலி. நடுவே டார்ச் வெளிச்சம் ஆடி ஆடிக் கடைசி வளைவை நோக்கி இறங்கியது. வளைவில் நின்றது. யாருக்கோ வழிகாட்டுவதுபோலத் தாழ்ந்தது. ஒருவர் இன்னொருவரைக் கட்டிக்கொள்வதுபோல ஒரு நிழல் அசைந்தது.

பூச்சிகள் ஓய்ந்தன.

வெளிச்சம் அணைந்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால், மேசையில், புளியங்கொட்டைகள் உருண்டன.

வெட்டினால் இன்னொரு ஆட்டம்.

அவள் திரும்பவில்லை. அட்டையில் ஈயக்கால் நகரும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. வெளியே செருப்பில்லாத காலடிகள் படியேறின. ஒன்று. இரண்டு. மூன்று. தாழ் போட்ட கதவு. தாழ் போட்டதை அவளே பார்த்தாள். கீல் முனகியது.

"அண்ணி."

அதே குரல். தொண்டையில் தண்ணீர் நிற்பவனின் குரல்.

நாற்காலி இழுபட்டது. பாண்டு எப்போதும் உட்காரும் நாற்காலி. அவன் உட்கார்ந்தான். ஓரக்கண்ணில் வேட்டி நுனி தெரிந்தது, அதிலிருந்து சேறு வழிந்தது. அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை.

"அவரு எங்க?"

"வெட்டுப்பட்டுட்டாரு அண்ணி. ஆட்டம்தான, அதுக்கு எதுக்கு அழுவுறீங்க? கீழ பாருங்க."

அவள் பார்த்தாள். வளைவுகளுக்கெல்லாம் கீழே, கோயிலுக்கும் பாலத்துக்கும் கீழே, நடந்தால் முழுசாக அரை நாள் ஆகும் தூரத்தில், அடிவாரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம். ஆடவில்லை. மேல் நோக்கிக் காத்து நின்றது.

"அவரு ஆலங்காயத்துல நிக்கறாரு. தாயம் வுழாம எப்டி ஆட்டத்துல இறங்குவாரு? குளிருது அவருக்கு. போடுங்க அண்ணி."

வடிவு மேசைக்கு வந்தாள். பாண்டுவின் முகத்தைப் பார்க்காமல் அட்டையை மட்டும் பார்த்தாள். வில்லாளி வீட்டுக்குள் இருந்தது. வாள்வீரன் வெளியே படுத்திருந்தது. பாதையில் வேறு காய் இல்லை. அவளுடைய மந்திரக்காரி மட்டும் நின்றது. ஆதி வீடு வந்து சேர வேண்டுமானால் யாரை வெட்ட வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அவன் அவளுக்கு வேண்டும்.

புளியங்கொட்டைகளைப் பொறுக்கினாள். ஆறு. உள்ளங்கையில் மூடினாள். போட்டாள்.

ஐந்து கறுப்பு. ஒரு வெள்ளை.

"தாயம்," என்றான் பாண்டு, சந்தோஷமாக.

கீழே, அடிவாரத்தில், வெளிச்சம் ஏற ஆரம்பித்தது.