ரிப்பன் கட்டிய புதர்

மேட்டில் மூன்று மணி நேரம் வேலை பார்த்துவிட்டு இறங்கி வந்த கணவனின் சட்டையில் ஓர் ஒட்டுமுள் கூட இல்லை.

வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறும் அந்த நிலத்தில் பதினோரு வருடமாக யாரும் கை வைத்ததில்லை. ஆள் உயரத்துக்கு முட்புதர், அதன்மேல் கொடி, கொடிமேல் கொடி. நாலடி ஏறி இறங்கினாலே புடவை முழுக்க முள் அப்பிக்கொள்ளும், பிய்த்தெடுக்க அரை மணி ஆகும். இவன் சட்டையோ இஸ்திரி போட்டு வாங்கியதுபோல இருந்தது. யாரோ இவனை உட்காரவைத்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டிருக்கிறார்கள். இவனாக எடுத்திருப்பான் என்பதற்கு வழியே இல்லை, சட்டைப் பொத்தானையே பொறுமையாகப் போடத் தெரியாத ஆள். இந்த மாதிரி விஷயங்களில் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

போன வாரம் புதர் அரைக்கும் மெஷின்காரர் வந்து நிலத்தைப் பார்த்துவிட்டு, தான் வருவதற்குள் செய்து வைக்க வேண்டியதைச் சொல்லியிருந்தார்.

"கம்பி, கண்ணாடி, பழைய பைப்பு எல்லாத்தையும் பொறுக்கிடுங்க. கம்பி பல்லுல சுத்திக்கிச்சுன்னா அன்னிக்கு வேலை அம்போதான். குழி, பாறை, வெட்டக் கூடாத மரம், இதுக்கெல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டுங்க. சரிவு ஜாஸ்தி, மேல உட்கார்ந்து ஓட்ட முடியாது. கீழ நின்னு ரிமோட்ல ஓட்டுவேன். புதருக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. ரிப்பன் இல்லைன்னா அரைச்சுத் தள்ளிடுவேன்."

ஒரு பல்பு மாற்றப் பத்து தடவை கெஞ்ச வேண்டிய மனிதன், லீவு போட்டுவிட்டு மேடேறினான். முதல் நாள் துருப்பிடித்த கம்பிச் சுருள் நாலும் ஒரு மூட்டை பாட்டிலும் இறங்கின. இரண்டாம் நாள் நடுமேட்டில் ஒரு பெரிய புதரைச் சுற்றி ரிப்பன் கட்டினான். மூன்றாம் நாள் அதே ரிப்பன் இன்னும் நாலு முழம் தள்ளிப் போயிருந்தது. நான்காம் நாள் அந்த வளையத்துக்குள் ஒரு வீடே கட்டலாம். ஃபிளாஸ்க்கில் டீ கேட்டான், கூடவே இரண்டு டம்ளர் எடுத்துப் போனான். திரும்பி வந்தபோது இரண்டின் அடியிலும் டீக்கறை இருந்தது.

"அந்தப் புதர்ல என்னங்க இருக்கு?"

"பாறை."

"பாறை நாளுக்கு நாள் வளருமா?"

அவன் சிரித்தான். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்துச் சிரித்தான். இந்தச் சிரிப்பு அவளுடையது. கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் அவளுக்கு மட்டும் கிடைத்தது, பிறகு எங்கோ தொலைந்தது. தொலைந்ததென்றே அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் எவளுக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

மெஷின் வருவதற்கு முந்தைய இரவு அவன் தூக்கத்தில், "குட்டிம்மா" என்றான். அதுவும் அவளுடைய பெயர்தான். ஒன்பது வருடமாக அவன் வாயில் வராத பெயர். அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவனோ மேட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தான்.

விடியும்போதே அவள் கிளம்பிவிட்டாள். ரிப்பனை எல்லாம் அவிழ்த்துவிட வேண்டும், ஏழு மணிக்கு மெஷின் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்தச் சிறுக்கி தலைதெறிக்க ஓடட்டும். பனியில் நனைந்த இலைகள் கன்னத்தில் உரச, மக்கிய சருகின் வாடை தொண்டையில் கரிக்க, கால் வழுக்கும்போதெல்லாம் வேர்களைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பத்தொன்பது முடிச்சு. ஒவ்வொன்றையும் பல்லால் கடித்து அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் அந்தச் சிறுக்கியின் முகத்தைப் பார்க்காமல் இறங்க மனசு கேட்கவில்லை.

புதரின் அடியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு வழி இருந்தது. பெருக்கிவிட்டதுபோல் சுத்தம். தவழ்ந்து போனாள். உள்ளே செல்லச் செல்லச் சருகு வாடை குறைந்து, வேறொரு வாசனை வந்தது. தெரிந்த வாசனை. அவளுடைய தலை எண்ணெய், அவளுடைய சோப்பு. உள்ளே புல்லை அமுக்கி ஒரு படுக்கை. அதில் பக்கம் பக்கமாக இரண்டு பள்ளம். ஒன்று அவன் நீளம். மற்றதில் அவள் கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.

கீழே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சங்கிலி இறங்கியது. பேச்சு. பிறகு அவன் குரல், கொஞ்சலாக.

"குட்டிம்மா! எங்க இருக்க?"

எல்லாக் கோபமும் ஒரு நொடியில் வடிந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"இதோ வந்துட்டேங்க!"

அவள் சொல்லவில்லை.

அவள் குரல்தான். அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. ஏதோ ஒன்று அவளை உரசிக்கொண்டு வெளியே போனது. எழப் பார்த்தாள். தலைமுடியில் கொடி. மணிக்கட்டில் கொடி. கத்தினாள். இலைகள் சலசலத்தன. அவ்வளவுதான். மறுபடி கத்தினாள். மறுபடி இலைகள்.

கிளைகளின் இடுக்கில் கீழே வீட்டின் கொல்லை வாசல் தெரிந்தது. அவள் புடவையில், அவள் நடையில், ஒருத்தி இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"ரிப்பன் ஒண்ணையும் காணோமே?" என்றார் மெஷின்காரர்.

"நான்தான் அவுத்தேன். அங்க ஒண்ணும் இல்லைங்க. முழுசா எடுத்துடுங்க."

அவன் கையை வந்தவளின் தோளில் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

எஞ்சின் உறுமியது. முதல் புதர் நொறுங்கியது. மண் அதிர்ந்தது. பச்சை வாடை. இன்னும் அருகில். இரும்புப் பற்கள் சுழல்வது தெரிந்தது.

புதருக்குள் சிக்கியிருந்தவள் அதைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.